ஹீமோகுளோபின் ஊசி: வீட்டில் போட்டுக்கொள்பவர்களுக்கு

டயாலிசிஸ் பிரிவில் இதை ஈ.பி.ஓ. ஊசி என்பார்கள். வீட்டில் ஹீமோகுளோபின் ஊசி. மருந்தின் முழுப் பெயர் எரித்ரோபொய்டின். சிவப்பணுக்களை உற்பத்தி செய்யும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஹார்மோன் இது. பெரும்பகுதியைச் சுரப்பது சிறுநீரகம். சிறுநீரகம் பழுதானால் இதுவும் குறையும், ரத்தசோகை வரும். 1989இல் அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைக்கும்வரை, டயாலிசிஸ் நோயாளிகள் பலர் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டுதான் காலம் தள்ளினார்கள்.

உங்களுக்குத் தேவையான தத்துவம் இவ்வளவுதான். எத்தனை யூனிட், வாரத்தில் எத்தனை முறை என்பதை முடிவு செய்வது சிறுநீரக மருத்துவரின் வேலை. குளிர் குறையாமல் வைத்திருப்பது, சரியாகப் போடுவது, பிரஷர் பார்ப்பது, நோட்டில் எழுதுவது ஆகிய நான்கும் உங்கள் வேலை. இந்த அத்தியாயம் அந்த நான்கைப் பற்றியது.

யாருக்கு இந்த ஊசி

நாள்பட்ட சிறுநீரக நோயால் ரத்தசோகை வந்தவர்களுக்காகவே இந்த அத்தியாயம். புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் சில சமயம் இதே மருந்தைக் கொடுப்பார்கள். அதற்கான விதிகள் வேறு, அவர்கள் தங்கள் மருத்துவர் சொல்வதையே பின்பற்ற வேண்டும். மாதவிடாய்ப் போக்காலோ, சாப்பாட்டில் இரும்புச் சத்து குறைந்ததாலோ, குடல் புழுவாலோ வரும் சாதாரண ரத்தசோகைக்கு இது மருந்தே அல்ல. கணவருக்கு வாங்கிய ஊசியைச் சோர்வாக இருக்கிறதென்று மனைவிக்கும் ஒன்று போட்டுவிடுவது ஆபத்தான தாராளம்.

கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்களுக்கு இந்த ஊசியைத் தொடங்கக் கூடாது. முன்பு பக்கவாதம் வந்திருந்தாலோ, புற்றுநோய் இருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் ஊசிக்கு முன்

1. ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் பொதுவாக 10 கிராமுக்குக் கீழே இறங்கிய பிறகே இந்த ஊசியை யோசிப்பார்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு 9க்கும் 10க்கும் இடையிலேயே தொடங்குவது வழக்கம்.

2. இரும்புச் சத்துக்கு ஃபெரிட்டின், டி-சாட் என்ற இரண்டு பரிசோதனைகளைச் செய்யுங்கள். ஃபெரிட்டின் 100க்குக் கீழோ, டி-சாட் 20 சதவீதத்துக்குக் கீழோ இருந்தால் இரும்பு போதவில்லை என்று பொருள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதைவிட அதிக அளவிலேயே மருத்துவர் இரும்பு தொடங்கக்கூடும். இரும்பில்லாமல் இந்த ஊசியை மட்டும் போடுவது செங்கல் இல்லாத இடத்துக்குக் கொத்தனாரை அனுப்புவதுதான். கூலி போகும், சுவர் எழாது.

3. பி12, ஃபோலிக் அமிலம் குறைவா, மலத்தில் ரத்தம் போகிறதா என்பதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ரத்தசோகைக்குச் சிறுநீரகம் மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

4. ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் பிரஷர் பார்த்து எழுதுங்கள். ஊசிக்குப் பிறகு ஏறியதா என்று ஒப்பிட இந்த எண்கள் வேண்டும்.

5. முதல் இரண்டு மூன்று ஊசிகளை மருத்துவமனையில் செவிலியர் கண்ணெதிரே நீங்களே போட்டுப் பழகுங்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது போதாது.

இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையால் மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயப்பட வேண்டாம். நரம்பு வழியாக ஏற்றும் இரும்பை மருத்துவமனையில் மட்டுமே ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து ஏற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அரிதாக நடப்பதுதான், ஆனாலும் திடீரென்று கடும் ஒவ்வாமை வந்தால் சமாளிக்க வீட்டில் எதுவும் இருக்காது.

எந்த எண்ணில் நிற்க வேண்டும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

லேப் ரிப்போர்ட்டில் ஆண்களுக்கு 13 முதல் 17, பெண்களுக்கு 12 முதல் 15 என்று இயல்பான அளவை அச்சிட்டிருப்பார்கள். உங்கள் எண் 10.8 என்று வந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரமோ 'குறைவு' என்ற குறியோ இருக்கும். வீட்டில் உடனே "இன்னும் ரெண்டு ஊசி போட்டா சரியாயிடுமே" என்பார்கள். அந்த அச்சிட்ட அளவு ஆரோக்கியமானவர்களுக்கானது. இந்த ஊசி போடும் சிறுநீரக நோயாளிக்கு 10.8 நல்ல எண்.

இதைச் சொல்ல வலுவான ஆதாரம் இருக்கிறது. ஹீமோகுளோபினை இயல்பான அளவுக்கு ஏற்றிவிட்டால் இதயத்துக்கு நல்லது என்றுதான் மருத்துவர்களே முதலில் நம்பினார்கள். 2006இல் வெளியான சாய்ர் ஆய்வில் 13.5ஐ இலக்காக வைத்தவர்களுக்கு, 11.3ஐ இலக்காக வைத்தவர்களைவிட மரணமும் இதயப் பாதிப்புகளும் சேர்த்துப் பார்த்தால் கூடுதலாக இருந்தன. 2009இல் வந்த ட்ரீட் ஆய்வில் சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ள சுமார் 4,000 பேர் இருந்தார்கள். அளவை 13க்கு ஏற்ற முயன்ற பிரிவில் பக்கவாதம் ஏறத்தாழ இரண்டு மடங்காக வந்தது. அதன் பிறகு உலகம் முழுவதும் இலக்கைக் கீழே இறக்கினார்கள்.

நீங்கள் மனதில் வைக்க வேண்டிய வரம்புகள்:

• பெரும்பாலானவர்களுக்கு 10 முதல் 11.5 வரை போதும். 11ஐத் தொடும்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா, சில நாள் நிறுத்துவதா என்று அவர் முடிவு செய்வார்.

• 13ஐ ஒருபோதும் குறிவைக்கக் கூடாது.

• ஏறும் வேகமும் முக்கியம். இரண்டு வாரத்தில் 1 கிராமுக்கு மேல் ஏறினால் அது வெற்றியல்ல, எச்சரிக்கை. அப்போது மருத்துவர் வழக்கமாக அளவைக் கால்பங்கோ அதற்கு மேலோ குறைப்பார்.

• முதல் நான்கு வாரத்தில் ஏறவில்லை என்று அவசரப்பட்டு அளவைக் கூட்ட வேண்டாம். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும்.

தொடக்கத்தில் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ ஹீமோகுளோபின் பாருங்கள். நிலையானதும் மாதம் ஒருமுறை போதும். எப்போதும் ஒரே லேபில் பாருங்கள். லேப் மாறினால் எண் மாறும், வீண் குழப்பம்.

வாங்கும்போது

ஒரே குடும்பத்து மருந்து பல பெயர்களில் வருகிறது. எபோய்டின் ஆல்ஃபா, பீட்டா இரண்டையும் யூனிட் கணக்கில் வாரம் ஒன்று முதல் மூன்று முறை போடுவார்கள். எடைக்குக் கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட், வாரம் மூன்று முறை என்பது வழக்கமான தொடக்கம். 60 கிலோ உள்ளவருக்குக் கிலோவுக்கு 50 என்றால் ஒரு தடவைக்கு 3,000 யூனிட். கடையில் பெரும்பாலும் கிடைப்பதோ 2,000, 4,000, 10,000 போன்ற அளவுகளில். அதையொட்டி மருத்துவர் வாரக் கணக்கை மாற்றி எழுதுவார். டார்பிபோய்டின் மைக்ரோகிராம் கணக்கில் வரும், வாரம் ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ. மாதம் ஒருமுறை போடும் வகையும் உண்டு. மாத ஊசியை வார ஊசி என்று நினைத்துப் போட்டுவிட்டால் உள்ளே போன மருந்தை வெளியே எடுக்க வழியில்லை. எனவே மருந்துக்கடையில் "ஹீமோகுளோபின் ஊசி கொடுங்க" என்று கேட்காதீர்கள், சீட்டை நீட்டுங்கள்.

1. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கடையிலேயே வாங்குங்கள். அலமாரியிலிருந்து எடுத்தால் வாங்காமல் திரும்புங்கள்.

2. பெயர், யூனிட், காலாவதி தேதி மூன்றையும் கடையிலேயே படியுங்கள்.

3. ஐஸ் பேக் வைத்த பையோடு போங்கள். ஊசிப் பெட்டி ஐஸில் நேரடியாகப் படாதபடி இடையில் ஒரு துணியைச் சுற்றுங்கள்.

4. நேராக வீட்டுக்கு வாருங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பெட்டியை வைத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனால் அந்த ஊசி தண்ணீருக்குச் சமம்.

கம்பெனியை மாதத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள். விலை காரணமாக மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றி, தேதியை எழுதிவையுங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. 1998க்குப் பிறகான சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பைத் தோலுக்கடியில் போட்டுக்கொண்ட சிலருக்கு, உடல் அந்த ஹார்மோனையே எதிரியாக எண்ணி எதிர்ப்பொருளை உருவாக்கியது. சிவப்பணு உற்பத்தி அடியோடு நின்றுபோனது. மிக அரிதான விளைவுதான். ஆனால் எந்தக் கம்பெனி, எந்த பேட்ச் என்று குறித்து வைத்திருந்தால்தான் மூலத்தைத் தேட முடியும்.

ஃப்ரிட்ஜில் எங்கே வைப்பது

2 முதல் 8 டிகிரி வரை இருக்க வேண்டும். நடுத்தட்டில், பின்சுவரை ஒட்டாமல், அட்டைப் பெட்டியோடு வையுங்கள்; வெளிச்சம் படக் கூடாது. கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடாகும். ஃப்ரீஸரில் வைத்து உறைந்துபோனதை, உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும், குப்பையில் போடுங்கள்.

கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். வெகுநேரம் வரவில்லையென்றால் ஐஸ் பேக் உள்ள பெட்டிக்கு மாற்றுங்கள். 25 டிகிரிக்குள் சில நாள் வெளியே இருக்கலாம் என்று சில மருந்துகளின் தாளில் இருக்கும். நம் ஊர்க் கோடையில் அறைக்குள் 25 டிகிரி எங்கே இருக்கிறது? அந்த வரியை நம்பி உட்கார வேண்டாம்.

ஊசி போடும் முறை

மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சுக்கானது இது. ஹீமோடயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேயே டயாலிசிஸ் குழாய் வழியாகப் போட்டுவிடுவார்கள். வீட்டில் போடுவோருக்குத் தோலுக்கடியில்.

1. முதலில் பிரஷர் பாருங்கள். மருத்துவர் சொன்ன வரம்பைத் தாண்டியிருந்தால் ஊசியைத் தொடாதீர்கள், அவரைக் கூப்பிடுங்கள்.

2. சிரிஞ்சை எடுத்து 15 முதல் 30 நிமிடம் வெளியே வையுங்கள். குளிர்ந்தபடி போட்டால் எரியும். வெந்நீரிலோ வெயிலிலோ வைத்துச் சூடாக்கக் கூடாது.

3. வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக, நிறமில்லாமல் இருக்க வேண்டும். கலங்கலோ துகளோ இருந்தால் வேண்டாம். குலுக்கவே கூடாது, குலுக்கினால் இந்தப் புரதம் கெட்டுவிடும்.

4. சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

5. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வயிறு, அல்லது தொடையின் முன்பகுதி. வேறொருவர் போட்டுவிடுகிறார் என்றால் மேல்கையின் வெளிப்பக்கமும் சரி. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் எதுவும் கூடாது. வயிற்றுக்குழாய் டயாலிசிஸ் செய்பவர்கள் குழாய் வெளிவரும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள். தழும்பு, ரத்தக்கட்டு, சிவப்பு உள்ள இடம் வேண்டாம்.

6. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, தானாகக் காயவிடுங்கள். ஊதாதீர்கள்.

7. மூடியை நேராக இழுத்துக் கழற்றுங்கள். தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, செவிலியர் கற்றுத்தந்த கோணத்தில் ஊசியைச் செலுத்துங்கள்.

8. மெதுவாக, கடைசிவரை அழுத்துங்கள். எடுத்த பின் பஞ்சால் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்க வேண்டாம்.

9. மூடியைத் திரும்பப் போடாமல் சிரிஞ்சை அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் மூடி, மருத்துவமனையில் கொடுத்துவிடுங்கள். தெருக் குப்பைத்தொட்டியில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும்.

10. தேதி, யூனிட், இடம், பிரஷர், பேட்ச் எண் ஐந்தையும் எழுதுங்கள். அடுத்த முறை இடத்தை மாற்றுங்கள்.

இன்சுலின் போட்டுப் பழகியவர்கள் கவனிக்க

சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி புதிதல்ல. தவறும் அந்தத் தைரியத்திலிருந்தே வருகிறது. இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் யூனிட் கோடுகளுக்கும் இந்த மருந்தின் யூனிட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 4,000 யூனிட் ஒரு கம்பெனியில் ஒரு அளவுத் திரவத்திலும், இன்னொன்றில் வேறு அளவிலும் இருக்கலாம். மருந்து குப்பியில் வந்தால், எத்தனை மில்லி எடுப்பது என்று மருத்துவமனையில் எழுதி வாங்குங்கள். இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது.

விலை காரணமாக நடக்கும் இன்னொரு தவறு, 10,000 யூனிட் சிரிஞ்சை வாங்கிப் பாதியைப் போட்டு மீதியை அடுத்த வாரத்துக்கு வைப்பது. கெட்டுப்போகாமலிருக்கக் காப்புப் பொருள் அதில் இல்லை. திறந்த பிறகு கிருமி வளரும். ஒரு சிரிஞ்ச், ஒரே தடவை. ஒரு ஊசி விட்டுப்போனால் அடுத்த முறை இரண்டாகப் போடாதீர்கள். எப்போது தொடர்வது என்று போனில் கேளுங்கள்.

பிரஷர்

இந்த ஊசியால் அதிகம் பேருக்கு வரும் தொல்லை இதுதான். ஹீமோகுளோபின் வேகமாக ஏறும் முதல் மூன்று மாதம் தினமும் பாருங்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, ஃபிஸ்டுலா இல்லாத கையில், பேசாமல் பார்க்க வேண்டும். உடம்பு தெம்பாகிவிட்டதென்று பிரஷர் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பலர். ஊசி தொடங்கிய பிறகு மாத்திரை கூடுவதுதான் வழக்கம், குறைவதல்ல. உப்பைக் குறைப்பதிலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாதுளையும் முருங்கைக்கீரையும்

ரத்தம் குறைவு என்று தெரிந்ததும் பார்க்க வருகிறவர்கள் மாதுளை, பேரீச்சை, அத்திப்பழம், பீட்ரூட் என்று பையோடு வருவார்கள். வீட்டில் முருங்கைக்கீரை சூப் தயாராகும். அன்பில் குறையில்லை, ஆனால் இவையெல்லாம் பொட்டாசியம் நிறைந்தவை. பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகக்கூடும். ஹார்மோன் குறைவால் வந்த ரத்தசோகையைப் பீட்ரூட் சாறு தீர்க்கவும் தீர்க்காது. பையை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள். பழத்தைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். உங்களுக்கு எது, எவ்வளவு என்பதைக் கடைசிப் பொட்டாசியம் ரிப்போர்ட்டை வைத்து உணவு ஆலோசகர் சொல்லட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது.

அயச்செந்தூரம் போன்ற இரும்பு சேர்ந்த சித்த மருந்துகள் எடுப்பவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்பு ஊசியும் அதுவும் சேர்ந்தால் உடம்பில் இரும்பு தேங்கும்.

ஏறவே இல்லையென்றால்

அளவைக் கூட்டச் சொல்லும் முன் இந்த வரிசையில் தேடுங்கள். ஊசி குளிர் குறையாமல் இருந்ததா? ஒன்றிரண்டு விட்டுப்போனதா? இரும்பு போதுமா? உடம்பில் கிருமித்தொற்று இருக்கிறதா? டயாலிசிஸ் கதீட்டர், பல் ஈறு, காலில் ஆறாத புண் இவற்றை மறக்காதீர்கள். மலத்தில் ரத்தம் போகிறதா? டயாலிசிஸ் நேரம் குறைந்ததா? பாராதைராய்டு ஹார்மோன் அதிகமா? இவற்றில் ஒன்று பெரும்பாலும் அகப்படும். 12 வாரம் அளவைக் கூட்டியும் பலனில்லையென்றால், மேலும் கூட்டுவதால் பயனில்லை, ஆபத்துதான்.

டெசிடுஸ்டாட் என்ற மாத்திரை 2022இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. உடம்பே இந்த ஹார்மோனைச் சுரக்கும்படி தூண்டுகிறது. ஊசிக்குப் பதிலாக எழுதித் தருவது அது. யாரோ சொன்னார்கள் என்று இரண்டையும் சேர்த்து எடுக்காதீர்கள்.

உடனே கிளம்ப வேண்டியவை

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

• வாய் கோணுதல், ஒரு பக்கம் கைகால் விழுதல், பேச்சுக் குழறல்
• வலிப்பு
• நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல்
• தாங்க முடியாத தலைவலியோ பார்வை மங்கலோ, அதோடு 180/120ஐத் தாண்டிய பிரஷர்
• ஊசிக்குப் பிறகு முகம், நாக்கு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, தோலில் கொப்புளம்

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, ஃபிஸ்டுலாவில் கைவைத்தால் தெரியும் அதிர்வு நின்றிருந்தாலோ ரத்தம் உறைந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அன்றே போங்கள். நன்றாக ஏறிவந்த ஹீமோகுளோபின் காரணமில்லாமல் சரசரவென்று இறங்கினால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மேலே சொன்ன எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருப்பவர்கள்

அவசரம் இல்லாதபோது ரத்தம் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், சிறுநீரக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதிக்காதீர்கள். பிறர் ரத்தம் ஏற ஏற உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகி, பின்னால் பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது கடினமாகும். இந்த ஊசியின் பெரிய பயன்களில் ஒன்று அந்தத் தேவையைக் குறைப்பது. உயிர் போகும் அளவு ரத்தப்போக்கு என்றால் பேச்சே வேறு, உடனே ஏற்ற வேண்டும்.

மாற்று அறுவைக்குப் பிறகு புதுச் சிறுநீரகமே ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். பலருக்கு ஊசி நின்றுவிடும். அப்போது ஃப்ரிட்ஜில் மீந்திருப்பதை டயாலிசிஸில் பழகிய நண்பருக்குக் கொடுக்கத் தோன்றும். நேராகக் கொடுக்காதீர்கள். பெட்டி பிரிக்காமல் இருந்தால் உங்கள் டயாலிசிஸ் பிரிவில் காட்டி, எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊசி டப்பாவோடு சேர்த்து அங்கேயே அழிக்கக் கொடுத்துவிடுங்கள்.